ரிங்கு சிங் (அடிபந்தாட்ட வீரர்)

இக்கட்டுரை அடிபந்தாட்ட வீரரைப் பற்றியது. கொல்கத்தா நைட் ரைடர்ஸ் அணிக்காக ஆடிய இதே பெயருடைய துடுப்பாட்ட வீரர் வேறொருவர்.

ரிங்கு சிங் (பிறப்பு: ஆகஸ்ட் 8, 1988) இந்தியாவின் உத்தரப் பிரதேச மாநிலத்தைச் சேர்ந்த முன்னாள் அடிபந்தாட்ட வீரரும் முன்னாள் தொழில்முறை மற்போர் வீரரும் ஆவார். இடக்கைப் பந்தெறிவாளரான இவர், 2008 ஆம் ஆண்டு இந்தியாவில் நடத்தப்பட்ட ஒரு வேகப் பந்தெறிதல் போட்டியில் முதலிடம் பெற்றார். அதே ஆண்டு நவம்பரில் சக வீரர் தினேஷ் படேலுடன் சேர்ந்து ஐக்கிய அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். அமெரிக்கத் தொழில்முறை அடிபந்தாட்ட அணியொன்றுடன் ஒப்பந்தம் செய்துகொண்ட முதல் இந்தியர்கள் இவர்கள் இருவருமே. 2009 முதல் 2012 வரை பைரேட்ஸின் கீழ்நிலை அணிகளுக்காக ரிங்கு சிங் ஆடினார். இவர்களுடைய கதையை அடிப்படையாகக் கொண்டு வால்ட் டிஸ்னி நிறுவனம் 2014 இல் வெளியிட்ட மில்லியன் டாலர் ஆர்ம் என்னும் திரைப்படத்துக்கு ஏ. ஆர். ரகுமான் இசையமைத்தார்.

இளமைக் காலம்

ரிங்கு சிங் கம்பள நெசவுக்குப் பெயர்பெற்ற பதோகி மாவட்டத்தில், வாரணாசியிலிருந்து அதிகத் தொலைவில்லாத ஒரு சிற்றூரில் வளர்ந்தார். தந்தை சரக்குந்து ஓட்டுநர். ஒரே அறை கொண்ட வீட்டில் ஒன்பது பிள்ளைகளில் ஒருவராக வளர்ந்த இவர், பள்ளிப் பருவத்தில் ஈட்டி எறிதலில் ஈடுபட்டு, இளையோருக்கான தேசியப் போட்டியில் பதக்கம் பெற்றார். பின்னர் இலக்னோவிலுள்ள குரு கோவிந்த் சிங் விளையாட்டுக் கல்லூரியில் சேர்ந்தார். அதுவரை இவர் அடிபந்தாட்டப் பந்தைக் கையில் எடுத்ததில்லை. அந்த விளையாட்டின் விதிகளும் இவருக்குத் தெரியாது.

2008 ஆம் ஆண்டுப் போட்டி

2002 இல் சீனாவின் யாவ் மிங் அமெரிக்கக் கூடைப்பந்தாட்டத்தில் நுழைந்தபின் அவ்விளையாட்டுக்குச் சீனாவில் கோடிக்கணக்கான புதிய பார்வையாளர்கள் கிடைத்தனர். அதுபோல இந்தியாவிலிருந்து ஓர் அடிபந்தாட்ட வீரரை உருவாக்க முடியுமா என்று ஜெ. பி. பெர்ன்ஸ்டீன் என்னும் அமெரிக்க விளையாட்டு முகவர் எண்ணினார். அவருடைய கூட்டாளிகளான ஆஷ் வாசுதேவன், வில் சாங் ஆகியோர் இம்முயற்சியில் இணைந்தனர். மில்லியன் டாலர் ஆர்ம் எனப் பெயரிடப்பட்ட போட்டி, இந்தியாவின் பல நகரங்களில் தேர்வுகளாக நடத்தப்பட்டது. முப்பத்தேழாயிரத்துக்கும் மேற்பட்டோர் பந்தெறிந்தனர்.

இலக்கை நோக்கித் துல்லியமாகவும், வரையறுக்கப்பட்ட வேகத்துக்குக் குறையாமலும் எறிய வேண்டும் என்பதே விதி. வேகம் கருவியால் அளக்கப்பட்டது. மணிக்கு 87 மைல், அதாவது ஏறத்தாழ 140 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்த ரிங்கு சிங் முதற்பரிசான ஒரு இலட்சம் டாலரைப் பெற்றார். போட்டியின் பெயரிலிருந்த பத்து இலட்சம் டாலரை வெல்ல இவரால் இயலவில்லை. வாரணாசியைச் சேர்ந்த தினேஷ் படேல் இரண்டாமிடம் பெற்றார். அவரும் ஈட்டி எறிபவர்.

துடுப்பாட்டம் ஆழமாக வேரூன்றிய நாட்டில், இறுதியில் தேறிய இருவரும் ஈட்டி எறிபவர்களாக இருந்தது தற்செயல் என்று சொல்வதற்கில்லை. துடுப்பாட்டத்தில் பந்து வீசுபவர் ஓடிவந்து, முழங்கையை 15 பாகைக்கு மேல் நீட்டி மடக்காமல் வீச வேண்டும். அடிபந்தாட்டத்திலோ ஓட்டம் கிடையாது. மேட்டில் நின்ற நிலையிலிருந்து, முழங்கையை மடக்கிப் பின்னுக்கு இழுத்துத் தோளின் சுழற்சியால் எறிய வேண்டும். ஈட்டி எறிதலில் தோளும் முழங்கையும் செய்யும் வேலை இதற்கு மிகவும் நெருக்கமானது. எனினும் ஆடவர் ஈட்டியின் எடை 800 கிராம். அடிபந்தின் எடை ஏறத்தாழ 145 கிராம் மட்டுமே. ஈட்டி எறிபவருக்குத் தொலைவே இலக்கு. அடிபந்தை எறிபவரோ 18.44 மீட்டருக்கு அப்பாலுள்ள ஒரு சிறு பரப்புக்குள் பந்தைச் செலுத்த வேண்டும்.

அமெரிக்காவில் பயிற்சி

2008 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் லாஸ் ஏஞ்சலஸ் சென்றனர். அங்கே தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் டாம் ஹவுஸ் இவர்களுக்குப் பயிற்சி அளித்தார். ஹவுஸ் மேஜர் லீக்கில் பந்தெறிந்தவர். பின்னர் எறிதலின் உடலியக்கத்தை ஆராய்ந்து பல புகழ்பெற்ற வீரர்களைப் பயிற்றுவித்தவர்.

ஒரு பந்தை வேகமாக எறிவதும், ஆட்டத்தில் பந்தெறிவாளராக இருப்பதும் வேறு வேறு. பந்தெறிவாளர் தம்மிடம் திரும்பிவரும் பந்தைக் கையுறையால் பிடிக்க வேண்டும். தளத்தில் நிற்கும் எதிரணி ஓட்டக்காரர் அடுத்த தளத்தைத் திருட முயல்வதைக் கண்காணிக்க வேண்டும். முதல் தளத்துக்கு ஓடிச்சென்று துணைநிற்க வேண்டும். நேர்ப்பந்து, வளைபந்து, வேகம் குறைத்த பந்து ஆகியவற்றை ஒரே கையசைவில் மாற்றி மாற்றி எறிய வேண்டும். அமெரிக்கச் சிறுவர்கள் ஆறேழு வயதில் தொடங்கிப் பத்தாண்டுகளுக்கு மேல் கற்பதை இவர்கள் சில மாதங்களில் கற்க வேண்டியிருந்தது. பயிற்சியோடு ஆங்கிலமும் கற்றனர்.

2008 நவம்பர் தொடக்கத்தில் அரிசோனா மாநிலத்தின் டெம்பி நகரில், மேஜர் லீக் அணிகளின் தேர்வாளர்கள் முன்னிலையில் இருவரும் பந்தெறிந்து காட்டினர். அதே மாதம் 24 ஆம் தேதி பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்ததாக அறிவித்தது. அப்போது அவ்வணியின் பொது மேலாளராக இருந்தவர் நீல் ஹண்டிங்டன்.

மைனர் லீக் அமைப்பு

ரிங்கு சிங்கின் ஆட்டக் காலத்தைப் புரிந்துகொள்ள அமெரிக்க அடிபந்தாட்டத்தின் படிநிலைகளை அறிவது அவசியம். மேஜர் லீக்கில் 30 அணிகள் உள்ளன. ஒவ்வோர் அணிக்கும் கீழே பல மைனர் லீக் அணிகள் படிப்படியாக அமைந்துள்ளன. சென்னையில் நடைபெறும் துடுப்பாட்ட லீக்கிலும் பல பிரிவுகள் உண்டு. ஆனால் அங்கே ஓர் அணி நன்றாக ஆடினால் அணியே மேல் பிரிவுக்குச் செல்லும். அமெரிக்க அமைப்பில் அணிகள் இடம் மாறுவதில்லை; வீரர்கள் மட்டுமே ஒருவர் ஒருவராக மேலேற்றப்படுகின்றனர், கீழிறக்கப்படுகின்றனர் அல்லது விடுவிக்கப்படுகின்றனர். அணியின் வெற்றியைவிடத் தனி வீரரின் வளர்ச்சியே இங்கு முதன்மையானது.

ரிங்கு சிங் ஆடிய ஆண்டுகளில் பைரேட்ஸ் அமைப்பின் படிகள் கீழிருந்து மேலாகப் பின்வருமாறு இருந்தன:

* டொமினிக்கன் கோடைக்கால லீக் (தொடக்கநிலை)
* வளைகுடாக் கடற்கரை லீக், புளோரிடா (தொடக்கநிலை)
* நியூயார்க்-பென் லீக் (குறும்பருவ ஏ நிலை)
* தென் அட்லாண்டிக் லீக் (ஏ நிலை)
* உயர் ஏ நிலை
* இரட்டை ஏ நிலை
* மூன்று ஏ நிலை
* மேஜர் லீக்

கீழ்ப்படிகளில் ஆடுவோரில் மிகச் சிலரே உச்சிப்படியை அடைகின்றனர். அக்காலத்தில் தொடக்கநிலை வீரர்களின் ஊதியம் மாதம் ஏறத்தாழ ஆயிரம் டாலர் அளவில்தான் இருந்தது. அதுவும் ஆட்டப் பருவ மாதங்களுக்கு மட்டுமே. மைனர் லீக் வீரர்கள் தொழிற்சங்கத்தின் வாயிலாக முதன்முதலில் ஊதிய உடன்படிக்கை பெற்றது 2023 இல்தான். 2021 இல் இந்த அமைப்பு திருத்தியமைக்கப்பட்டபோது நியூயார்க்-பென் லீக் இல்லாமற்போனது; வளைகுடாக் கடற்கரை லீக்கின் பெயர் மாற்றப்பட்டது.

ஆட்ட வாழ்க்கை

2009

2009 சூலை 4 அன்று, அமெரிக்க விடுதலை நாளில், வளைகுடாக் கடற்கரை லீக்கின் பைரேட்ஸ் அணிக்காக ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் முதன்முறையாகக் களமிறங்கினர். இந்த லீக்கின் ஆட்டங்கள் புளோரிடாவின் கோடை வெயிலில், பயிற்சி மைதானங்களில், மிகக் குறைந்த பார்வையாளர்கள் முன்னிலையில் நடப்பவை.

சூலை 13 அன்று ரிங்கு சிங் தம் முதல் வெற்றியைப் பதிவு செய்தார். அடிபந்தாட்டத்தில் அணி வெல்லும்போது, முன்னிலை கிடைத்த வேளையில் பந்தெறிந்துகொண்டிருந்தவரின் பெயரில் பொதுவாக அந்த வெற்றி எழுதப்படும். அமெரிக்கத் தொழில்முறை அடிபந்தாட்டத்தில் இந்தியக் குடிமகன் ஒருவரின் பெயரில் எழுதப்பட்ட முதல் வெற்றி இதுவே.

அப்பருவத்தில் 11 ஆட்டங்களில் பந்தெறிந்த இவருடைய ஓட்டச் சராசரி 5.84 ஆக இருந்தது. ஒரு பந்தெறிவாளர் ஒன்பது இன்னிங்சுகளுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, சராசரியாக எத்தனை ஓட்டங்களை விட்டுக்கொடுக்கிறார் என்பதை இந்த எண் காட்டுகிறது. எதிரணி தம் அணியின் களத்தடுப்புப் பிழையால் பெறும் ஓட்டங்கள் இதில் சேரா. எண் குறையக் குறைய ஆட்டம் சிறந்தது. 5.84 என்பது நல்ல சராசரி அன்று. ஆனால் அந்தப் பந்தை முதன்முதலாகக் கையிலெடுத்து இரண்டாண்டுகூட ஆகாத ஒருவரின் சராசரி அது.

2010 - 2011

2010 பருவத்தின் முடிவில் தினேஷ் படேல் விடுவிக்கப்பட்டு இந்தியா திரும்பினார். ரிங்கு சிங் அணியில் தொடர்ந்தார். 2011 இல் ஒரே ஆண்டுக்குள் டொமினிக்கன் கோடைக்கால லீக், நியூயார்க்-பென் லீக்கின் ஸ்டேட் காலேஜ் ஸ்பைக்ஸ், தென் அட்லாண்டிக் லீக்கின் வெஸ்ட் வர்ஜீனியா பவர் என மூன்று நிலைகளில் பந்தெறிந்தார். அமெரிக்கக் குளிர்காலத்தில், அதாவது ஆஸ்திரேலியாவின் கோடையில், ஆஸ்திரேலிய அடிபந்தாட்ட லீக்கின் கான்பரா கேவல்ரி அணிக்காகவும் ஆடினார்.

2012

2012 பருவம் முழுவதையும் ரிங்கு சிங் வெஸ்ட் வர்ஜீனியா பவர் அணியில் கழித்தார். பெரும்பாலும் ஆட்டத்தின் நடுப்பகுதியில், தொடக்கப் பந்தெறிவாளர் களைத்தபின் களமிறங்கும் பணி இவருடையது. 39 ஆட்டங்களில் 72 இன்னிங்சுகள் பந்தெறிந்து 65 மட்டையாளர்களை மூன்று ஸ்ட்ரைக்குகளில் வெளியேற்றினார். மூன்று வெற்றிகளும் ஒரு தோல்வியும் இவர் பெயரில் பதிவாயின. ஓட்டச் சராசரி 3.00. வேறு விதமாகச் சொன்னால், எட்டு முழு ஆட்டங்களுக்குச் சமமான 72 இன்னிங்சுகளில் இவர் விட்டுக்கொடுத்த ஓட்டங்கள் 24 மட்டுமே.

2009 இல் எதிர்கொண்டவர்களைவிடத் தேர்ந்த மட்டையாளர்களுக்கு எதிராக, அதைவிட நீண்ட பருவத்தில், தம் சராசரியை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்திருந்தார். அப்போது இவருக்கு வயது 24. மேஜர் லீக்குக்கும் இவருக்கும் இடையே இருந்தவை மூன்று படிகள்.

காயமும் ஓய்வும்

2012 ஆம் ஆண்டுக்குப் பின் ரிங்கு சிங் எந்தவொரு மைனர் லீக் பருவத்திலும் ஆடவில்லை. முழங்கைக் காயத்தால் 2013 பருவம் முழுவதையும் இழந்த இவருக்கு டாமி ஜான் அறுவை சிகிச்சை செய்யப்பட்டது.

பந்தை முழு வேகத்தில் எறியும்போது முழங்கையின் உட்புறத்திலுள்ள தசைநார் பெரும் இழுவிசைக்கு உள்ளாகிறது. ஆயிரக்கணக்கான முறை இழுபடும்போது அது நைந்து கிழியக்கூடும். இச்சிகிச்சையில், நோயாளியின் உடலின் வேறொரு பகுதியிலிருந்து எடுக்கப்படும் தசைநாண் ஒன்று, எலும்புகளில் இடப்பட்ட துளைகளின் வழியாகக் கோக்கப்பட்டுப் புதிய தசைநாராகப் பொருத்தப்படுகிறது. 1974 இல் மருத்துவர் பிராங்க் ஜோப் முதன்முதலில் இதைச் செய்துகொண்டது டாமி ஜான் என்னும் பந்தெறிவாளருக்கு. அவர் 1976 இல் களத்துக்குத் திரும்பி 1989 வரை ஆடினார். அதற்கு முன் இத்தகைய காயம் ஒரு பந்தெறிவாளரின் ஆட்ட வாழ்க்கையை முடித்துவிடுவதாகவே இருந்தது. இன்று பலர் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுக்குள் மீள்கின்றனர். ஆனால் அனைவரும் மீள்வதில்லை.

ரிங்கு சிங் 2014, 2015 பருவங்களிலும் காயங்களால் ஆட இயலவில்லை. மைனர் லீக் அமைப்பு வயதுக்கு இரக்கம் காட்டுவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் புதிய இளைஞர்கள் கீழ்ப்படியில் சேர்கின்றனர். இருபத்தாறு வயதைக் கடந்தும் ஏ நிலையைத் தாண்டாதவருக்கு இடம் கிடைப்பது அரிது. தம் சிறந்த பருவத்துக்கு அடுத்த நிலையில் இவர் என்ன செய்திருப்பார் என்பதைச் சோதிக்கும் வாய்ப்பே அமையவில்லை.

மற்போர்

அடிபந்தாட்டத்திலிருந்து விலகியபின் ரிங்கு சிங் தொழில்முறை மற்போரில் நுழைந்தார். 2017 இல் துபாயில் நடந்த தேர்வில் பங்கேற்று, 2018 சனவரியில் டபிள்யூடபிள்யூஈ நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். சௌரவ் குர்ஜருடன் சேர்ந்து இண்டஸ் ஷேர் என்னும் இணையாக 2020 இல் தொலைக்காட்சியில் தோன்றினார். பின்னர் வீர் என்றும், 2022 முதல் வீர் மகான் என்றும் அரங்கப் பெயர் பெற்றார். 2023 செப்டம்பரில் ஐதராபாத்தில் அந்நிறுவனம் நடத்திய நிகழ்ச்சியில் இந்தியப் பார்வையாளர்கள் முன்னிலையில் மோதினார். 2024 இல் நிறுவனத்திலிருந்து வெளியேறினார்.

திரைப்படம்

மில்லியன் டாலர் ஆர்ம் 2014 மே மாதம் வெளியானது. இயக்கம் கிரெய்க் கில்லெஸ்பி. பெர்ன்ஸ்டீனாக ஜான் ஹாமும், ரிங்கு சிங்காகச் சூரஜ் சர்மாவும், தினேஷ் படேலாக மதுர் மிட்டலும், டாம் ஹவுசாகப் பில் பாக்ஸ்டனும் நடித்தனர்.

திரைப்படம் முகவரின் பார்வையில் சொல்லப்படுகிறது. இருவரும் ஒப்பந்தம் பெறுவதுடன் அதன் கதை நிறைவடைகிறது. இதனால் திரைப்படத்தின் வழியாக மட்டும் ரிங்கு சிங்கை அறிந்தோர், போட்டியில் வென்ற இளைஞராகவே அவரை நினைவில் கொண்டுள்ளனர். ஒப்பந்தத்துக்குப் பிந்தைய நான்கு பருவங்கள் திரைக்கதைக்கு வெளியே உள்ளன. படம் திரைக்கு வந்த காலத்தில் ரிங்கு சிங் காயத்திலிருந்து மீளும் முயற்சியில் இருந்தார்.

மதிப்பீடு

ரிங்கு சிங் மேஜர் லீக்கை அடையவில்லை. அப்போட்டியைத் தொடங்கியோர் எதிர்பார்த்ததுபோல் இந்தியாவில் அடிபந்தாட்டம் மக்கள் விளையாட்டாகவும் மாறவில்லை. மணிக்கு 87 மைல் வேகம் துடுப்பாட்டத்தில் விரைவு வீச்சாகக் கருதப்படும். ஆனால் 2008 இல் மேஜர் லீக் நேர்ப்பந்துகளின் சராசரி வேகமே 91 மைலுக்கு மேல் இருந்தது. எனவே போட்டியில் அளக்கப்பட்ட வேகம் ஒரு நுழைவுத் தகுதியே தவிர வேறன்று. அதன்பின் இவர் அடைந்த முன்னேற்றம், மட்டையாளரை ஏமாற்றும் நுட்பத்தைக் கற்றதால் வந்தது.

இவருக்குப் பின் அமெரிக்க அடிபந்தாட்டத்தில் கவனம் பெற்ற இந்திய வம்சாவளியினர் அங்கேயே பிறந்து, சிறு வயது முதலே ஆடியவர்கள். ஆந்திராவைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பத்தில் புளோரிடாவில் வளர்ந்த அர்ஜுன் நிம்மலா, 2023 இல் டொராண்டோ புளூ ஜேய்ஸ் அணியால் முதற்சுற்றில் தேர்ந்தெடுக்கப்பட்டார். தாய்வழியில் இந்திய வம்சாவளியினரான குமார் ராக்கர், 2024 செப்டம்பரில் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணிக்காக மேஜர் லீக்கில் அறிமுகமானார். இவர்களுடன் ஒப்பிடுகையில், பத்தொன்பது வயது வரை அந்த விளையாட்டைப் பார்த்தேயிராத ஒருவர் ஏ நிலையில் ஒரு முழுப் பருவத்தைச் சிறப்பாக நிறைவு செய்தது, போட்டியில் பெற்ற பரிசைவிடக் குறிப்பிடத்தக்க சாதனையாகும்.

இவற்றையும் பார்க்க

* அடிபந்தாட்டம்
* ஈட்டி எறிதல்
* துடுப்பாட்டம்
* பிட்ஸ்பர்க் பைரேட்ஸ்